அம்மா வாய் தெரியல

என் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எதிரில் இருப்பவர்களின் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள். கேட்காதவளிடம் தொண்டை கிழியக் கத்துவானேன் என்று அம்மா குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்துப் பேசிப் பழகிவிட்டாள். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவார்கள். கூடத்தில் இருக்கும் எனக்கு ஒரு சத்தமும் வராது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாகவே இருக்கும்.

அவளைப் பூனாவில் கட்டிக்கொடுத்தோம். முதல் பிள்ளை உண்டாகி ஏழாம் மாதம். டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார். மூட்டுவலியோடு அம்மாவாலும் ரயிலேற முடியவில்லை. வளைகாப்பு நின்றுபோனது. அப்போதுதான் தங்கச்சி எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தாள். "அம்மாகிட்ட கேளு. பொறக்கறதும் என்னை மாதிரியே பொறந்துட்டா என்ன பண்றது?"

படித்துக் காட்டினேன்.  அம்மா, "நீ எழுதிப் போட்டா அது உன் பேச்சா பூடும். நானே சொல்றன், போன்ல புடி" என்றாள். எங்கள் ஊரான வடக்குத்தில் வீட்டுச் சிக்னலுக்கு வீடியோ கால் போட்டால் முகம் அப்படியே நின்றுவிடும். அதனால் போனை அரிசி டின்மேல் சாய்த்து, பதிவு செய்ய வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், நெட் பேக் தீர்ந்துவிடும் என்று அந்த வீடியோவைச் சுருக்கி நெட்டில் ஏற்றி, லிங்க்கைத் தங்கச்சிக்கு அனுப்பினார். "எவ்ளோ சீக்கிரமா பூட்ச்சி பாத்தியா?" என்று பெருமை வேறு.

சாயங்காலம் பதில் வந்தது. "அம்மா வாய் தெரியல. முகமே கட்டம் கட்டமா இருக்கு. கண்ணைத் தொடைக்கறது மட்டும் தெரியுது. அம்மா அழறாங்களா?"

ஓடிப்போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவோ, "ஐயையோ, நான் எங்கடி அழுதன்! கரண்ட் இல்ல, வேர்த்து ஊத்திக்கினு இருந்திச்சி, தொடச்சன்!" என்று பதறினாள். கரண்ட் தயாராகிற இடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு நாங்கள் பட்ட பாடு இது.

அம்மா அழவில்லை என்று எழுதினேன். "நீ சமாதானம் சொல்ற" என்றாள். தெளிவைக் கூட்டி வைத்துப் பார் என்றேன். தெளிவு இருநூற்று நாற்பதுக்கு மேல் அங்கே எதுவுமே காட்டவில்லையாம். வேலை முடிந்து வந்தவரிடம் கேட்டால் தலையைச் சொறிந்தார். "நாம ஏத்துனதே அவ்ளோதான். அதுக்கு மேல அங்க எங்கிருந்து வரும்?"

"அத இப்ப வந்து சொல்லு! உன் நெட் பேக்க தூக்கி அடுப்புல போடு!" என்று கத்திவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி அங்கே என்ன நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாளோ என்று எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

விடிந்ததும் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மைன்ஸ்காரர்கள் டவுன்ஷிப்புக்குப் போனேன். அங்கே குவார்ட்டர்ஸில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டில் பிராட்பேண்ட் உண்டு. கரண்டும் போகாது. போனில் இருந்த அசல் வீடியோவை அப்படியே, சுருக்காமல் ஏற்றினோம். எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அம்மா காபியைக்கூடத் தொடாமல் கம்ப்யூட்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். "இன்னும் எவ்ளோ தூரம்டி போவணும்?"

"பூனாவுக்குல்ல போகுது, அம்மா" என்று அக்கா சிரித்தார்.

மத்தியானம் ஏறி முடிந்தது. திறந்து பார்த்தால் அதே கட்டம் கட்டமான முகம்! "நாசமாப் போற நெட்டு" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்காதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "கொஞ்சம் பொறும்மா. முதல்ல சின்னதுதான் வரும். பெருசு தயாராக நேரமாகும்." சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது எழுநூற்று இருபது வந்திருந்தது. அமுக்கினேன். அம்மாவின் மூக்குத்தி தெரிந்தது. மேலுதட்டு வேர்வை தெரிந்தது. வாய் திறந்தது. அது அவர்கள் இரண்டு பேருக்குமான பேச்சு; நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லிங்க்கை அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு தங்கச்சி எனக்கு எழுதினாள். "அம்மா சிரிச்சிக்கினுதான் சொல்லியிருக்காங்க. இப்பதான் தெரியுது. அவங்க சொன்னதை எழுதறேன், நீயும் படி: உன்ன மாதிரியே பொறந்தா பொறக்கட்டுமே. உன்கிட்ட பேசுன வாய் எனக்கு இன்னும் இருக்குதுடி."

நான் சத்தமாகப் படித்தேன்.  தங்கள் பேச்சு வெளியே வந்துவிட்டதில் அம்மா வெட்கப்பட்டுப்போய் என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். அதில் கேமரா எதுவும் ஓடவில்லை. தங்கச்சி எதிரிலேயே இருப்பதாக நினைத்து, சத்தமே இல்லாமல், வாயை மட்டும் அசைத்து, அவளை ஆசைதீரத் திட்டினாள்.