திரையில் இல்லாத ஆள்

ஆயுத பூஜையன்று ஆபரேஷன் தியேட்டரில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். விளக்கு, மேஜை, கத்தரிக்கோல் தட்டு, எதையும் விடமாட்டோம். அந்த வருடம் புதிதாக வந்திருந்த எண்ணும் பெட்டிக்கும் நான்தான் சந்தனம் வைத்தேன். பிடிக்காமல்தான் வைத்தேன். அதனாலோ என்னவோ, கொஞ்சம் தாராளமாகவே அப்பிவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் தியேட்டர் நர்ஸ். ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணியை மாப் என்போம். எத்தனை எடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணிச் சொல்வது என் வேலை. அதை இனி பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றார் மேனேஜர். ஒவ்வொரு மாப்பிலும் ஒரு ரேடியோ டேக் தைத்திருந்தது. வாளியில் போட்டால் மேலே இருக்கும் பெட்டி எண்ணித் திரையில் காட்டும்.

எங்கள் கழுத்திலும் டேக் வைத்த அட்டை. யார் எங்கே எத்தனை நிமிடம் நின்றார்கள் என்பதெல்லாம் மேனேஜரின் மேஜைக்குப் போய்விடும். பாத்ரூமில் பதினோரு நிமிடம் ஏன் என்று ஒருமுறை என்னைக் கேட்டார். மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் ஒரு பெண்ணின் உடம்பு படும் பாட்டை விளக்கமாகவே சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. துப்புரவு அக்காக்களுக்கு மட்டும் அட்டை கிடையாது. ஒப்பந்த ஆட்கள் இன்று இருப்பார்கள், நாளை போவார்கள், அவர்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

பூஜைக்கு மறுநாள் காலையில் முசரவாக்கத்துப் பெண் ஒருத்திக்குக் கர்ப்பப்பையை எடுத்தோம். வேலை முடிந்தது, வயிற்றைத் தைத்து மூட வேண்டும். எடுத்தது பத்து மாப், திரையிலும் பத்து. ஆனால் நான் ஒவ்வொரு மாப்பும் வெளியே வரும்போதே வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பவள். எனக்கு ஒன்பதுதான் வந்திருந்தது.

“சிஸ்டர், மெஷின் பத்து காட்டுது. ஊசியைக் குடுங்க” என்றார் டாக்டர்.

“ஒன்பதுதான் சார் வந்துது. குடுக்க மாட்டேன்.”

இத்தனை வருடத்தில் ஒரு டாக்டரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. என் எண்ணிக்கை தப்பாக இருந்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் ஊசியை விடவில்லை. மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூலையில் நின்றிருந்த துப்புரவு அக்காதான் வாயைத் திறந்தார்.

“நான்தான்மா ஒண்ணு போட்டேன். ஆபரேசனுக்கு முன்னாடி, பெட்டியில இருந்து சந்தனம் உதிர்ந்துக்கினே இருந்துச்சு. புது மாப் ஒண்ணைப் பிரிச்சு, அதால தொடச்சு, வாளியிலயே போட்டுட்டேன்.”

அப்படியென்றால் தொடங்கும்போதே திரையில் ஒன்று இருந்திருக்கிறது. திரைதான் எண்ணுகிறதே என்று, தொடங்கும்போது அது பூஜ்யத்தில் இருக்கிறதா என எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

டாக்டர் மறுபடியும் கையை உள்ளே விட்டார். குடலுக்குப் பின்னால், ரத்தத்தில் ஊறி, சதையின் நிறத்திலேயே கிடந்தது பத்தாவது மாப். முகக்கவசத்துக்குள் அழுதேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டார். ஓர் உயிர் தப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெட்டியைத் துடைத்து வாளியில் மாப்பைப் போட்டது யார் என்பதுதான் கேள்வி. திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த நேரத்தில் பெட்டியருகே ஒருவருடைய அட்டையும் பதிவாகவில்லை. டாக்டரைக் கேட்டாராம், தான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். நான் பெயரை எழுதிக் கொடுத்தால் அந்த ஆளை நிறுத்திவிட்டு விஷயத்தை முடித்துவிடலாம், என் மேல் எதுவும் வராது என்றார்.

பொட்டு வைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டு, சரி, துடைத்தது யார் என்று மறுபடியும் கேட்டார்.

“உங்க மெஷின்ல யாரும் இல்லன்னா, யாரும் இல்ல சார்” என்றேன்.