கண்ணை மூடச் சொன்னேன்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லக்கூடிய மற்ற இருவரும் சொல்லமாட்டார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

யுத்தம் நடந்த காலம். திருகோணமலையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சிறிய உதவி நிலையத்தில் வேலை செய்தேன். தொழுநோய் வந்தவர்களுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை. ஆனால் வெளியில் அப்படிச் சொல்வதில்லை. நிலாவெளிக்கு அப்பால், கரையில் நின்று வலை இழுப்பவர்களின் கரைவலைக் குடியிருப்பு ஒன்றில் மாதம் ஒருமுறை எல்லா வீட்டுக்கும் பால்மா கொடுப்போம். நாலைந்து பைகளின் அடியில் மட்டும் மாத்திரை அட்டை இருக்கும். அவை யாருடைய பைகள் என்பது சிஸ்டருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஒரு பெயர் வெளியில் வந்தால் ஒரு குடும்பம் முடிந்தது என்று நான் சேர்ந்த அன்றே சிஸ்டர் சொல்லியிருந்தார். அதிகம் பேசாதவள் என்பதால்தான் என்னை எடுத்தாரோ என்னவோ.

அந்த மாதம் பைகளைக் கட்டுவதற்காக இரண்டு நாள் முன்னதாகவே போய், அங்குள்ள மாதா கோயில் அறையில் தங்கினேன். பால்மா கொடுப்பதற்கு முதல் நாள் காலை இராணுவத்தின் சுற்றிவளைப்பு. எல்லாரையும் கோயில் வளவுக்கு வரச் சொன்னார்கள். ஆண்களைச் சட்டை கழற்றி வரிசையில் நிற்பாட்டி, முழங்கையையும் முழங்காலையும் உள்ளங்கையையும் பார்த்தார்கள். ஆயுதப் பயிற்சி எடுத்தவனுக்கு அங்கேதான் தழும்பு இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

வரிசையிலிருந்து ஒருவரை வெளியே இழுத்தார்கள். முப்பது வயதிருக்கும். இரண்டு முழங்கையிலும் காய்ப்பு, உள்ளங்கை முழுவதும் சூட்டுத் தழும்பு. வலைக் கயிறு அறுத்ததும் சுடுபானை பொசுக்கியதும் அவருக்குத் தெரியாது. கை மரத்துப்போய் மூன்று வருடம். எங்கள் மருந்து எடுப்பவர். அதிகாரி எங்கே பயிற்சி எடுத்தாய் என்று கேட்டார். வலை இழுக்கிறவன் என்றார் அவர். மற்றவர்களும் வலைதான் இழுக்கிறார்கள், அவர்கள் கை இப்படி இல்லையே என்று சொல்லி, லொறியைக் காட்டினார் அதிகாரி.

அவருடைய மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அருகில் நின்றாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"மிஸ், ஒண்டும் சொல்லிப்போடாதீங்கோ. விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள்."

போன சுற்றிவளைப்பில் லொறியில் ஏற்றிய மூன்று பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

நான் போனேன். சந்தையில் பழகிய சிங்களத்தில், இவருக்குத் தொழுநோய், காயங்கள் அதனால் வந்தவை என்று மெதுவாகச் சொன்னேன். அதிகாரி இரண்டடி பின்னால் போனார். பிறகு நம்பாமல், எல்லாருக்கும் கேட்கத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை" என்றார் அவர். "இவ ஆரெண்டே எனக்குத் தெரியாது."

அப்படியானால் காட்டு என்றார் அதிகாரி. சேலையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினேன். நிலையத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் செய்வதுபோலவே அவரைக் கண்ணை மூடச் சொன்னேன். கையை நீட்டினார். நான் பின்னைக் கிட்டக் கொண்டுபோகுமுன்னே, "ஓம், நோகுது" என்றார்.

சிப்பாய்கள் சிரித்தார்கள். ஊரிலும் சிலர் சிரித்தார்கள்.

அதிகாரி பின்னை வாங்கி அவருடைய உள்ளங்கை ஓரத்தில் பாதிவரை இறக்கினார். இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடிய கண்ணோடு, எப்போது குத்துவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார்.

பின்னை மணலில் எறிந்துவிட்டு, தண்ணீர் கேட்டுக் கை கழுவினார் அதிகாரி. அந்த மனிதரை விட்டுவிட்டார்கள். வேறு இரண்டு பேரோடு லொறி போனது.

அவர் தன் சட்டையை எடுக்கப் போனபோது பக்கத்தில் கிடந்த சட்டைகளை எல்லாரும் அவசரமாக எடுத்துக்கொண்டார்கள்.

"இவன் இழுத்த மீனைத்தானே இவ்வளவு நாளும் திண்டனாங்கள்" என்றார் ஒருவர்.

"நான் கருவாடுதான் திண்டனான். எனக்கு வராது" என்றார் இன்னொருவர். அதற்கும் சிரிப்பு.

மருந்து எடுப்பவரிடமிருந்து இந்த வருத்தம் தொற்றாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான் அது. அதிகாரியின் முன்னால் வந்த குரல் ஊரின் முன்னால் வரவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

பின்னேரம் மனைவி வந்தாள். உள்ளே வரவில்லை, அழவுமில்லை.

"கொண்டுபோயிருந்தா ஊரே வந்து என்னோட இருந்து அழுதிருக்கும், மிஸ். இனி ஆர் வருவினம்?"

இருக்கச் சொல்லிக் கதிரையை இழுத்தேன். அவள் போய்விட்டாள்.

மறுநாள் பால்மா வாங்க ஒருவரும் வரவில்லை, மாத்திரை எடுப்பவர்கள்கூட. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி, அந்த மனிதர் தோளில் போட்டு இழுக்கும் கயிற்றைக் கரையில் எரிக்கச் சொன்னார். பிறகு புது ஆள் ஒருவரைச் சேர்த்து வலை வளைத்தார்கள். பத்தரை பஸ்ஸில் நான் நிலையம் இருக்கும் பாலையூற்றுக்குத் திரும்பினேன்.