இரட்டை முடிச்சு

கம்பெனி பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரகடம் வந்த பெண் அவள். கார் பாகங்கள் செய்யும் லைனில் வேலை. தெற்கே கரிசல் காட்டு ஊர். மெலிந்த உடம்பு, காலில் மட்டும் கம்பெனி கொடுத்த கனத்த ஷூ. பஸ் கிளம்பியதும் கைக்குட்டையால் அதைத் துடைத்து, கயிற்றை இரண்டு முடிச்சாகப் போடுவாள். நான் அங்கே தரை கூட்டுகிறவள். அதிகம் பேசமாட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற அன்று புதுச் சுடிதார் போட்டிருந்தாள். காலில் அதே ஷூ.

"இன்னா பாப்பா, பார்டருக்கா போற?" என்று டிரைவர் சிரித்தார்.

நானும் மெதுவாகக் கேட்டேன். "ஊருக்கு எதுக்கும்மா இது?"

"மேலத்தெரு வழியாத்தான் எங்க காலனிக்குப் போவணும்க்கா. அங்க எங்காளுக செருப்பக் கையில எடுத்துக்கிடணும். இதுன்னா கழத்தச் சொன்னாலும் முடிச்ச அவுக்க நேரமாவும்லா? அதுக்குள்ள தெருவு முடிஞ்சிரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை மறுபடி முடிச்சை இறுக்கியது.

நாலு நாள் கழித்து வந்தாள். ஷூவில் கறுப்பு மண் காய்ந்திருந்தது.

"துடைக்கலியாம்மா?"

"இருக்கட்டும்க்கா. எங்கப்பா என் பின்னாலயே வந்தாரு. அவரு செருப்பு கையிலதான்."



அன்று சூப்பர்வைசர் அறையைக் கூட்டிவிட்டு வெளியே வந்தேன். எல்லோரும் ஷூவோடு போய்வருகிற அறை அது. வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது. அதைக் கழற்றும்படி யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.