நோலீன் எடை போடாத வண்டி

பிற்பகலில் நோலீன் ஸ்ட்ராங்கைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் வீட்டுக் கதவைத் தட்டிப் பயனில்லை. வாசலில் நிற்கும் மோட்டார் ஹோமின், படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த வீட்டு வண்டியின், ஓட்டுநர் இருக்கையில்தான் உட்கார்ந்திருப்பாள். எஞ்சின் ஓடாது. ஒரு கையில் சீஸ் ரோல், மறு கை ஸ்டீயரிங்கில். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு வேலிச்செடிதான் என்பதால் நான் தினமும் பார்ப்பேன்.

"ஏன் நோலீன், வீட்டுக்குள்ள சாப்பாட்டு மேசை இல்லையா?"

"மேசை நகராதே, எல்சி."

"இது மட்டும் நகருதாக்கும்?"

"நகரும்னு தெரியுமில்ல. அது போதும் எனக்கு."

முப்பது வருடம் பால் டேங்கர் ஓட்டியவள் அவள். மட்டௌரா ஆற்றுப் பக்கம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி ஆலையில் இறக்குவாள். ஓய்வு பெற்ற அன்று கூட்டாளிகள் தோட்டத்து நாற்காலி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோபாவைச் சன்னலோரம் நகர்த்துவாள். அடுத்த வாரம் சுவரோரம் தள்ளுவாள். கடைக்குப் போனால் பக்கத்து ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாள்.

அவள் கணவன் மர்டோ நேர் எதிர். இறைச்சி ஆலை வேலையை விட்டபின், கண்ணாடிக் கொட்டகையில் பெகோனியாப் பூச்செடி வளர்ப்பதும் பவுல்ஸ் கழகத்துப் புல்தரையில் பந்து உருட்டுவதுமே அவனுக்குப் போதும். நான்கு தெருவுக்குள் அவன் உலகம் முடிந்துவிடும், அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மோட்டார் ஹோம் வாங்கலாம் என்று அவள் கேட்டபோது சரி என்றான். வருடத்தில் இரண்டு பயணம், ஒவ்வொன்றும் மூன்று வாரம் என்று பேச்சு.

ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் அமுங்கியது. என் கண்ணுக்கே தெரிந்தது. நான் வேலை செய்வது கோர் ஊருக்கு வெளியே உள்ள தானியக் கிடங்கின் எடைமேடையில். லாரி வாசலில் திரும்பும்போதே அதன் சுமையை ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். அது கண் பழக்கம், வேறொன்றுமில்லை.

மர்டோவுக்கு வேறு கவலை. "நாலு டயருக்கும் எண்பது எண்பதுன்னு காத்து அடிச்சு வெச்சிருக்கா. கல்லு மாதிரி இருக்கு. டீ கப்பு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுது. போன தடவ மூணு வாரம் கழிச்சு வந்து இறங்கினேன், பல்லு செட்டு வாயில இருக்கா, வண்டியில இருக்கான்னே தெரியல."

"எடை போட்டுப் பாத்தீங்களா?" என்றேன்.

"கேளு அவள. எப்பக் கேட்டாலும் நாளைக்குங்கறா."

எனக்கு அது விசித்திரமாக இருந்தது. எடை போடாமல் ஒரு டேங்கரை அவள் தெருவில் இறக்கியதில்லை. எந்தச் சக்கர அச்சில் எவ்வளவு சுமை, அதற்கு டயரில் எவ்வளவு காற்று என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்தே சம்பாதித்தவள். தன் வண்டிக்கு மட்டும் அதிகபட்சக் காற்றை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்ச் மாதம் சென்ட்ரல் ஒட்டாகோவுக்குக் கிளம்பினார்கள். வெயில் கடுமையான நாள். ராக்ஸ்பரோவுக்கு முன்னால் ஒரு சரிவில் பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி அந்தப் பக்கமாகவே இழுத்தது. நோலீன் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, ஓரத்துப் புல்லில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஸ்டெப்னியை மாற்ற வந்த டயர்க்காரன் கிழிந்த ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்: "அம்மா, இது ஆணி குத்தி வெடிச்சதில்ல. சூடு தாங்காம வெடிச்சிருக்கு. முதல்ல எடை போடுங்க."

மர்டோ அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. "எல்சிகிட்ட போ" என்று மட்டும் சொன்னான். மெதுவாக உருட்டிக்கொண்டு நேராக என் கிடங்குக்கு வந்தார்கள். நோலீனின் முகம் வெளிறியிருந்தது. வெடித்த டயர்தான் காரணம் என்று நினைத்தேன்.

முதலில் முழு வண்டியையும் மேடையில் ஏற்றினேன். அனுமதித்த மொத்த எடைக்கு இருபது கிலோ குறைவு.

"பாத்தியா, சரியாத்தானே இருக்கு" என்று நோலீன் சன்னல் வழியாகச் சொன்னாள். குரலில் அவசரம்.

"இரு, பின் சக்கரம் மட்டும் ஏத்து."

முன் சக்கரங்கள் மேடையைத் தாண்டி இறங்கின. பின் அச்சு தாங்க வேண்டியதைவிட இருநூற்று நாற்பது கிலோ அதிகம். மொத்தத்தில் சரியாகக் காட்டிய வண்டி, தன் பாரம் முழுவதையும் பின்னால் சுமந்துகொண்டிருந்தது. முன்பக்கமோ தேவைக்கு மேல் லேசாக இருந்தது. அங்கேயும் எண்பது காற்று என்றால் கப்பு சண்டை போடாமல் என்ன செய்யும்?

மர்டோ இறங்கிப்போய் வண்டியின் வால்பக்கத்துப் பெட்டியைத் திறந்தான். அது அவள் ராஜ்யம். அவன் அதுவரை திறந்ததே இல்லை. கம்பளிகள், தையல் மிஷின், இரும்பு வாணலிகள், ஜாம் பாட்டில்கள். அவற்றின் அடியில் ஒரு நீள அட்டைப் பெட்டி. அதை வெளியே இழுத்தான்.

"நோலீன். இது நம்ம கிறிஸ்துமஸ் மரம்."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"மார்ச் மாசம். மூணு வாரத்துக்குப் போறோம். கிறிஸ்துமஸ் மரம் எதுக்கு?"

வால்பக்கத்துப் பெட்டியின் மூலையில் உறையோடு தொங்கிய தன் கறுப்பு கோட்டையும் அவன் அப்போது பார்த்துவிட்டான். சாவு வீட்டுக்கு மட்டும் போடுகிற கோட்டு.

"என்னையும் சேத்துக் கட்டிட்டியா?"

"ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வெச்சேன்" என்றாள் நோலீன். "அங்க போனப்புறம் சொல்லிக்கலாம்னு. கடலோரமா எங்கயாவது நிறுத்தி, ஒரு நல்ல நாளாப் பாத்து... திரும்பிப் போக வேண்டாம் மர்டோன்னு."

"அதான் எடை போட மாட்டேன்னியா?"

"எடை போட்டா இறக்கணும். இறக்கினா வீட்டுக்குத் திரும்பணும். அந்த வீட்டுக்குள்ள உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுது. நீ நல்லவன்தான். வீடும் நல்ல வீடுதான். எனக்குக் காலு நிக்க மாட்டேங்குது."

"என்னால வேற எங்கயும் உக்கார முடியாதே, பைத்தியமே."

ஒரு பார்லி லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. ஓட்டுநரைப் போய்த் தேநீர் குடிக்கச் சொன்னேன். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எடை காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மர்டோதான் முதலில் அசைந்தான். மரத்தைத் தரையில் வைத்தான். பிறகு தையல் மிஷின், வாணலிகள், பாட்டில்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளும் வந்து கை கொடுத்தாள். இருவருமாக எல்லாவற்றையும் இறக்கினார்கள். பாதிக்கு மேல் நிரம்பியிருந்த தண்ணீர்த் தொட்டியையும் திறந்துவிட்டாள். மறுபடி மேடையில் ஏற்றியபோது பின் அச்சு அடங்கியிருந்தது. வால்பக்கச் சுமை போனதும் முன்பக்கம் கொஞ்சம் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

மர்டோ தன் பக்கக் கதவைத் திறந்து மேடையை விட்டு இறங்கி நின்றான்.

"இப்பப் பாரு எல்சி. நான் இல்லாம."

"மர்டோ, வேண்டாம்" என்றாள் நோலீன்.

"பாக்கச் சொல்றேன்ல."

பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு கிலோ குறைந்தது, பெரும்பாலும் முன் அச்சில். எண்ணைச் சொன்னேன்.

"இந்த எடைக்குக் காத்து கேட்டு வெச்சுக்கோ" என்று அவளிடம் சொன்னான். "நான் ஏறுற அன்னிக்குத் தனியாக் கேட்டுக்கலாம்." கோபத்தில் சொன்னதாக எனக்குப் படவில்லை.

டயர் கம்பெனிக்கு நான்தான் போன் போட்டேன். இரண்டு அச்சின் எடையையும் டயரின் அளவையும் கேட்டுக்கொண்டு, முன்னால் ஐம்பதுக்குச் சற்று மேல், பின்னால் எழுபதுக்குச் சற்றுக் கீழே என்றார்கள். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்றார்கள். "அது எனக்குத் தெரியும்" என்று நோலீன் முணுமுணுத்தாள்.

அந்த வாரமே அவள் தனியாகக் கிளம்பினாள். நீ விட்டிருக்கக் கூடாது என்று கழகத்தில் சிலர் மர்டோவிடம் சொன்னார்கள். "நான் பிடிச்சா நிப்பாளா? நீ பிடிச்சுப் பாரேன்" என்றான். இங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலம் முழுக்க அவன் மெலிந்துபோனான். பெகோனியாக் கிழங்குகளுக்கு மண் மாற்ற மறந்தான். தினமும் மாலை அவள் போன் செய்வாள்; ஹோகிட்டிகாவில் மழை, நெல்சனில் வெயில் என்று வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்கும். ஆகஸ்டில் அவன் பஸ் ஏறிப் போய் அவளோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தான். கப்புகள் இப்போது சண்டை போடுவதில்லை என்றான். ஆனால் இரண்டாவது வாரமே புல்தரை நினைப்பு வந்துவிட்டதாம்.

வசந்தத்தில் அவள் வந்தாள். ஒரு மாதம் இருப்பேன் என்றாள். பன்னிரண்டாம் நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, பனி விலகாத வாசலில் அவள் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தாள். மர்டோ டீயோடு பக்கத்தில் நின்றான்.

"எங்க இந்தத் தடவ?" என்று கேட்டேன்.

"தெரியல எல்சி. வடக்கே" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

"பவுல்ஸ் சீசன் முடிஞ்சதும் நான் வரேன்னு சொல்லியிருக்கேன்" என்றான் மர்டோ. "ஏப்ரல்ல. அதுவரைக்கும் எங்கயாவது ஒரு எடத்துல நில்லுடின்னேன்."

"நிப்பேன்னு சொல்லல" என்றாள் அவள். டீயை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு, அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள்.