இறால் சாறும் முதலாளி முகமும்

வயிற்றுக்குள் நடக்கும் ரசாயனத்தை, வயிறு காய்ந்தவர்களை உட்காரவைத்து விளக்குவதைவிட ஆபத்தான தொழில் கிடையாது. தடியடியில் நின்றிருக்கிறேன், அது இதைவிடச் சுலபம். தடி ஓங்குகிறவன் நடுவில் சந்தேகம் கேட்க மாட்டான். கூட்டம் போட்டு, தொண்டை கிழியப் பேசி, முன்வரிசைக் கொட்டாவியை எண்ணிக்கொண்டு வீடு திரும்பிய தோழர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எழுபதுகளின் பின்பாதியில் நான் கொச்சியின் மட்டாஞ்சேரியில் தொழிற்சங்கத்தின் முழுநேர ஊழியன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் கைவிட்டது. துண்டுப் பிரசுரங்கள் கைவிடவில்லை. மாவுச்சத்து, புரதம், நொதி எல்லாம் சாணித்தாளில் அச்சடித்த ஒரு பிரசுரத்திலிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை. எங்கள் அலுவலகத்தில் பட்டம் வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும், பேச நேரம்தான் இல்லை. அதனால் உயிர் ரசாயன வகுப்பு என் தலையில் விழுந்தது.

வகுப்புக்குக் காரணம் பேச்சியம்மாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஏற்றுமதிக்கு இறால் தலை கிள்ளித் தோல் உரிக்கும் பீலிங் ஷெட்டில் வேலை. ஒரு மழைக்காலத்தில் அவள் விரல் நுனிகள் வெந்ததுபோலப் புண்ணாகின. 'உன் ரத்தத்தில் கோளாறு, ஆறின பிறகு வா' என்று மேஸ்திரி வெளியே நிறுத்திவிட்டான். அது எனக்கு ஆச்சரியமில்லை. மற்றப் பெண்களும் 'தொத்துநோய்' என்று அவள் பக்கத்தில் உட்கார மறுத்ததுதான் வலித்தது. இறால் சாற்றில் இருக்கும் நொதிதான் தோலை அரிக்கிறது என்று நான் சொன்னேன். நம்பவில்லை. அவர்கள் நம்பாதவரை அவளுக்கு ஷெட்டில் இடமில்லை. ஆகவே, நொதி என்றால் என்ன என்று சோற்றிலிருந்து தொடங்கினேன்.

வாயில் நிற்காத சோறு

முதல் வகுப்பு சுள்ளிக்கல் பகுதியில் ஒரு சாயாக்கடைக்குப் பின்னால். மாவுச்சத்து என்பது சர்க்கரைத் துண்டுகளைக் கோத்த சங்கிலி, எச்சிலில் இருக்கும் நொதி அந்தச் சங்கிலியை அறுக்கிறது என்றேன். சங்கிலி என்ற சொல் எனக்குப் பிடிக்கும். பல வருஷம் மேடைகளில் உடைத்துப் பழகியது. "நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். மெல்ல மெல்ல இனிக்கும்" என்று இலையில் சோறு கொடுத்தேன்.

பெண்கள் வாயில் போட்டார்கள். நான் திரும்பி, கரும்பலகையில் சங்கிலி வரைந்துவிட்டுப் பார்த்தால் எல்லா வாயும் காலி. "இனித்ததா?" என்றேன். யாருக்கும் இனிக்கவில்லை. இரண்டாவது கவளம் கொடுத்தேன். அதுவும் போயிற்று. மூன்றாவதைக் கேட்டு வாங்கினார்கள். அறிவியல் ஆர்வம் பெருகுகிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. கடைசியில் பேச்சியம்மாள், தனியாக ஒதுக்கப்பட்ட மூலையிலிருந்து, எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள்: "அண்ணாச்சி, இனிக்கிற வரைக்கும் சோறு வாயில நிக்கணும்னா, மொதல்ல வயிறு நெறைஞ்சிருக்கணும்லா?"

தலைவர் நீலமானார்

இனிப்பு தோற்றதால் நிறத்துக்கு மாறினேன். காயத்துக்குப் போடும் அயோடின் டிஞ்சரை மாவுச்சத்தில் விட்டால் கருநீலமாகும். கஞ்சியில் எச்சில் கலந்து கொஞ்ச நேரம் வைத்துப் பிறகு விட்டால் நீலம் வராது. நொதி சங்கிலியைத் தின்றிருக்கும். இந்த வகுப்புக்குத் தலைமை தாங்க எர்ணாகுளத்திலிருந்து ஒரு தலைவர் வந்தார். சட்டையும் வேட்டியும் வெள்ளை. கஞ்சி போட்டுத் தேய்த்த மடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும்.

இரண்டு தம்ளர் கஞ்சி வைத்து, "ஒன்றில் துப்ப யாராவது ஒருவர் மேடைக்கு வாருங்கள்" என்றேன். தலைவர் உட்கார்ந்திருக்கும் மேடையில் வந்து துப்பலாம் என்றதும் எல்லோரும் வரிசை கட்டிவிட்டார்கள். ஒழுங்குபடுத்துவதற்குள் போதும் போதும் என்றாகியது. அந்த நெரிசலில் யார் முழங்கையோ இடித்து, டிஞ்சர் பாட்டில் தலைவர் மடியில் கவிழ்ந்தது. பழுப்பாக விழுந்தது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேட்டியில் கருநீலமாகப் படர்ந்தது. தம்ளர் சோதனையைவிட இது தெளிவாக இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. தலைவர் எழுந்து படகுத்துறைக்கு நடந்தார்.

கூட்டத்தில் போர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். தொழில்காரர் கண்ணோடு கறையைப் பார்த்துவிட்டு, அமைதியாகச் சொன்னார்: "நம்ம வயித்துக்கு வராத கஞ்சியெல்லாம் எங்க போகுதுன்னு இன்னைக்குத்தாம்ப்பா கண்ணால பாத்தேன்."

பூட்டும் சாவியும்

நொதி எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பிரசுரத்தில் ஒரு நல்ல உவமை இருந்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி; ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நொதி. மாவுச்சத்தை அறுக்கும் நொதி புரதத்தைத் தொடாது. புரதத்தை அறுப்பது வேறு. இதைக் காட்ட அப்துவிடம் ஒரு பூட்டுக் கேட்டேன். அப்து சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். என் கூட்டங்களுக்கு இடம் பிடிப்பது, பெஞ்சு சுமப்பது, என்னைக் கேலி செய்வது மூன்றையும் கூலியில்லாமல் செய்தவன். கிடங்கின் பழைய இரும்புப் பூட்டு ஒன்றைச் சாவிக்கொத்தோடு தோளில் போட்டுக் கொண்டுவந்தான்.

சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டி, "இதற்கு இந்த ஒரு சாவிதான். வேறு எதைப் போட்டாலும் திறக்காது. அதுதான் இயற்கையின் நியதி" என்று முழங்கினேன். ஒரு சாவியைப் போட்டேன், திறக்கவில்லை. சரி, அது தவறான சாவி என்று விளக்கினேன். அடுத்ததும் திறக்கவில்லை. சரியான சாவியே கொத்தில் இல்லை போலிருக்கிறது. நான் வியர்த்துக்கொண்டிருக்க, அப்து முன்வரிசைப் பெண்ணிடம் கொண்டை ஊசியை வாங்கி உள்ளே விட்டு ஒரு திருகு திருகினான். பூட்டு வாயைப் பிளந்தது. பெண்கள் கைதட்டினார்கள். அப்து ஊசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் காதோரம் மலையாளம் கலந்த தமிழில் சொன்னான்: "சகாவே, ஒரு பூட்டுக்கு ஒரே சாவின்னு வேற ஊர்ல போய்ச் சொல்லு, மட்டாஞ்சேரில சொல்லாதே கேட்டோ."

மாநாட்டுக் கறி

புரதத்தை அறுக்கும் நொதியைக் காட்டச் சங்கத்தின் வட்டார மாநாடு வாய்ப்பாக வந்தது. சாப்பாட்டுக்கு இறைச்சிக் கறி. மலிவாகக் கிடைத்த முற்றிய இறைச்சி. ஒரு சிறு துண்டு பப்பாளிக்காயை அரைத்துப் புரட்டிவைத்தால் பதமாகும் என்றான் சமையல்காரன். சிறு துண்டா? பப்பாளிப் பாலில் இருப்பது புரதத்தையே வெட்டும் நொதி என்று அச்சில் படித்தவன் நான். ஒரு கூடைக் காயை அரைக்கச் சொன்னேன். காலையிலேயே புரட்டி வைக்கவும் சொன்னேன். வெயிலில் நொதிக்கு வேகம் அதிகம் என்பதால் அண்டாவை நிழலில் வைக்கவும் விடவில்லை.

காய் சீவிய பெண்கள் விரல் எரிகிறது என்று முனகினார்கள். நல்லது, பாடம் விரல் வழியாகவும் ஏறட்டும் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் பந்தியில் அவர்கள் பேச்சியம்மாளுக்கு மட்டும் தூரத்தில் இலை போட்டார்கள். அவள் அதில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். பாடம் இன்னும் ஏறவில்லை.

அண்டாவைத் திறந்தபோது துண்டு என்று சொல்ல உள்ளே எதுவும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. எர்ணாகுளத்துப் பிரதிநிதி ஒருவர் கரண்டியால் துழாவித் துழாவி, "இறைச்சி எங்கப்பா?" என்று குரல் உயர்த்தினார். பரிமாறிக்கொண்டிருந்த அப்து அவர் தோளை அழுத்தினான்: "மிண்டாம தின்னு சேட்டா. காலைல இறைச்சி இருந்தது. சகாவு வகுப்பெடுத்தாரு, கரைஞ்சுபோச்சு."

இரண்டு பாட்டில்கள்

இறைச்சி கரைந்தது பப்பாளியால், இறாலால் அல்லவே என்று பெண்கள் கேட்டார்கள். நியாயம். அதற்குள் மேஸ்திரி பேச்சியம்மாளின் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறான் என்று செய்தி வந்தது. இனி உவமையும் விருந்தும் உதவாது.

போட்டோ நெகட்டிவில் படத்தைப் பிடித்துவைத்திருப்பது ஒரு மெல்லிய பசை. எலும்பும் தோலும் காய்ச்சி எடுத்த புரதம். இதுவும் பிரசுரத்தில் படித்ததுதான். ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு நண்பரிடம் வேண்டாத நெகட்டிவ் கேட்டேன். சங்கத்துக்கு என்றதும் தேடித்தேடி இரண்டு எடுத்துக் கொடுத்தார். இரண்டிலும் ஷெட் முதலாளியே மாலை போட்டுக்கொண்டு சிரித்தார். நெகட்டிவ் என்பதால் முகம் கறுப்பு, தலைமுடியும் மீசையும் வெள்ளை. வேறு படம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஷெட்டில் கிள்ளிப்போட்ட இறால் தலைகளை நசுக்கிப் பெண்களே சாறு எடுத்தார்கள். பாதியை அப்படியே ஒரு பாட்டிலில் ஊற்றினோம். மீதியைக் கொதிக்கவைத்து, ஆறியதும் வடிகட்டி இன்னொன்றில் ஊற்றினோம். கொதித்தால் நொதி செத்துப்போகும், பிறகு அதற்கு வெட்டும் சக்தி இல்லை என்று சொன்னேன். பாட்டிலுக்கு ஒரு முதலாளியாக இறக்கி, பெண்கள் குடியிருந்த வரிசை வீடுகளின் குழாயடியில் வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அது. யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அவர்களே காவல் இருந்தார்கள். என்மீது அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிறு காலை எல்லோரும் கூடினார்கள். கொதித்த சாற்றிலிருந்து எடுத்தேன்: முதலாளி அதே சிரிப்போடு இருந்தார். பச்சைச் சாற்றிலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசி, வெயிலில் தூக்கிப் பிடித்தேன். மாலை இல்லை, மீசை இல்லை, சிரிப்பில்லை. கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம். அதன் வழியே எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி தெரிந்தது. ஒருத்தி தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்த விரலைச் சேலைக்குள் மறைத்தாள். பிறகு இன்னொருத்தி. பாதிப் பேர் விரலில் புண் தொடங்கியிருந்ததும், மேஸ்திரிக்குப் பயந்து மறைத்துவந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது.

நான் பேச வாயெடுத்தேன். பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். குழாயடியில் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே போய் நின்று சொன்னாள்: "மாலை போட்ட மூஞ்சியே போயிட்டு, என் வெரலு எம்மாத்திரம்? நகருங்கட்டி, நான் உக்காரணும்."

நகர்ந்தார்கள்.

ஐஸ் உருகிய காலை

மறுநாள் பெண்கள் அவளை நடுவில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி அவளை எழச் சொன்னான். எல்லோரும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: அவள் இடம் அவளுக்கு, கை அலசக் குழாய்த் தண்ணீரும் படிகார நீரும், புண் வந்தால் விரட்டக் கூடாது. நான் வாசலில் நின்று, முந்தின நாளே தயாரித்த உரையைத் தொடங்கினேன். உழைப்பின் வரலாற்றை ஆதியிலிருந்து எடுத்திருந்தேன்.

உள்ளே இறால் குவியல் மேல் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. இறால் செத்தாலும் அதன் நொதிகள் சாவதில்லை. அடுத்தவன் விரல் கிடைக்காவிட்டால் சொந்த உடம்பையே தின்னத் தொடங்கும். தலைகள் ஓரத்தில் கறுக்கத் தொடங்கின. வாடை மாறியது. முதலாளி காரில் வந்து இறங்கினார். பெண்களைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். மறுபடி பெண்களைப் பார்த்தார். பிறகு குவியலை மட்டுமே பார்த்தார். என் உரை ஆதிகாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று பேச்சியம்மாள் பக்கம் அவரே இறாலைத் தள்ளிவிட்டார்.

சாயங்காலம் வெற்றிக் கூட்டம். ஒற்றுமையின் வெற்றி, சங்கத்தின் வெற்றி, அறிவியலின் வெற்றி என்று நான் நரம்பு புடைக்கப் பேசி முடித்தேன். கைதட்டல் அடங்கியதும் பேச்சியம்மாள் எழுந்தாள்: "அண்ணாச்சி, நாங்க சும்மாதான் உக்காந்திருந்தோம். மொதலாளிய வெரட்டுனது அந்த எறாலுதான். அதுக்கும் ஒரு மெம்பர் கார்டு எழுதிருங்க."

பிறகு ஷெட்டுக்குக் குழாய் வந்தது, அதன் தலைக்கு மேல் 'வெளிநாட்டு வாங்குவோரின் விருப்பப்படி அமைக்கப்பட்டது' என்று ஒரு போர்டும் வந்தது. ஆக, பொருள் எதுவும் அழிவதில்லை, உருமாறி வேறொருவர் பெயரில் நிற்கிறது என்பதே இந்த ரசாயனத்தில் நான் கற்ற கடைசிப் பாடம்.