ஈரத் தோல்

சோபாக்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். எப்பேர்ப்பட்ட ஓட்டை நாற்காலியும் அவர் கைபட்டால் புது மாப்பிள்ளை மாதிரி விறைத்து உட்காரும். அந்தக் கைக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் மனைவிக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. இப்போது வலது காதுக்குள் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன், அதோடு அந்தக் காதும் கேட்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. "அப்பாவோட பாஞ்சோவை ஒரு தடவை கேட்டுட்டா போதுங்க," என்றாள்.

பரணில் கிடந்த பாஞ்சோ உகுலேலே அது. சின்ன மேளத்துக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருக்கும், நான்கு தந்திகள். துருவைச் சுரண்டினார், மரத்துக்கு எண்ணெய் தடவினார். எலி கடித்த தோல்தான் பாக்கி. வாத்தியக் கடைக்காரர் கடைசியாக இருந்த ஒரே தோலைக் கொடுத்து, "ஊறவச்சு மாட்டி ரெண்டு நாள் காயவிடுங்க. ரொம்ப இழுக்காதீங்க, காயும்போது அதுவே இறுகிக்கும்," என்றார்.

"தோல் இழுக்க எனக்கே பாடமா?" என்று சோபாக்காரர் சிரித்தார். செவ்வாயன்று மாட்டும்போது ஓரத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தது. சுருக்கத்தைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்குமா? சுற்றியுள்ள திருகாணிகளை ஒன்று விடாமல் முறுக்கினார்.

வியாழன் காலை தந்தி கட்டி அவளிடம் நீட்டினார். ஆஸ்பத்திரிப் பையை ஒதுக்கிவிட்டு அவள் சுருதி சேர்க்க ஆரம்பித்தாள். 'பட்'டென்று தோல் விளிம்போடு கிழிந்தது. தோல்மேல் நின்று தந்திகளைத் தாங்கிய குதிரை உள்ளே விழுந்தது. சோபா ரெக்சினை வெட்டி ஒட்டிப் பார்த்தார். தலையணையைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்றார்.

"விடுங்க. நீங்க ஏதாவது பேசுங்க. உங்க குரலைக் கேட்டுக்கிறேன்," என்று அவள் வலது காதை அவர் வாயருகே கொண்டுவந்தாள்.

முப்பது வருஷமாகச் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒரேயடியாக முண்டியடித்துக்கொண்டு வந்தது. எதைச் சொல்வது, எதை விடுவது?

"சாப்பிட்டியா?" என்றார்.

"வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்கல்ல," என்றாள் அவள். இன்னும் ஏதாவது வருமா என்று காதை எடுக்காமல் நின்றாள்.