ஓநாய்க் கணவாய்க்கு அந்தப் பக்கம்

ஒடில் லபாலூ ஒரு வேளைச் சாப்பாட்டையாவது உட்கார்ந்தபடியே சாப்பிட்டு முடித்ததை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சூப் வந்ததும் உட்காருவாள், ரொட்டி எடுக்க எழுவாள், கறி பரிமாறும்போது அடுப்பைப் பார்ப்பாள். மேசைக்குப் பாலாடைக்கட்டி வரும் நேரத்தில் சன்னலோரம் நின்று மென்றுகொண்டிருப்பாள். அவள் கணவன் ரெஜிஸ் நேர்மாறு. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

பத்தொன்பது வயதில் திராட்சை பறிக்கும் கூலியாளாக வடக்கேயிருந்து, ஒயினுக்குப் பேர்போன பொஜொலே குன்றுகளுக்கு வந்தவள் அவள். பத்து நாள் வேலை என்றுதான் பேச்சு. பதினோராவது நாள் மற்றவர்கள் மூட்டை கட்டியபோது, முதுகுக்கூடையில் திராட்சை சுமந்த அந்தப் பேசாத பையனோடு தங்கிவிட்டாள். அதன் பிறகு அந்த நான்கு ஹெக்டேர் சரிவில் கொடி வெட்டுவது, கட்டுவது, களை எடுப்பது எல்லாம் அவள் கை. கை ஓடிக்கொண்டிருக்கும்வரை மனமும் சும்மா இருந்தது.

சைக்கிள் அவள் வாழ்க்கையில் நுழைந்தது போலீஸ்காரர் புண்ணியத்தில். முப்பத்தெட்டு வயதில், காரை வேகமாக ஓட்டியதற்காக மூன்றாவது முறை மாட்டி, உரிமத்தை ஆறு மாதத்துக்குப் பறிகொடுத்தாள். வேறு வழியில்லாமல், ஓய்வு பெற்ற தபால்காரர் ஃபெர்னானிடம் ஒரு பழைய ரேஸ் சைக்கிளை வாங்கினாள். உரிமம் திரும்பி வந்தது. சைக்கிளை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஃபெர்னான்தான் ஊர் சைக்கிள் குழுவின் தலைவர். ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தேவாலயத்தின் முன்னால் பதினாலு ஆண்கள் கூடுவார்கள், முக்கால்வாசிப் பேர் தொப்பையோடு. ஒடில் போய் நின்ற முதல் நாள் அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்: "பின்னால ஒட்டிக்கிட்டு வா பொண்ணே. எதிர்காத்த நாங்க பாத்துக்கறோம்."

மூன்று மாதம் கழித்து, ஏற்றத்தில் அவள் முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்தவரும் அவர்தான். "ஏய், மேல என்ன தீப்பிடிச்சிருக்கா? எதுக்குடி இந்தப் பறப்பு?"

எதற்கென்று அவளுக்கே தெரியாது. பெடலை மிதிக்கும்போது மட்டும் உடம்புக்குள் ஓடும் அந்த எறும்பு வரிசை நின்றது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவளுக்கு நாற்பத்தொன்பது நடந்த வருடம், ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் ஆலங்கட்டி மழை வந்தது. பன்னிரண்டு நிமிடம். அது நின்றபோது இலைகள் நார் நாராகத் தொங்கின. பச்சைக் காய்கள் பிளந்து மண்ணில் கிடந்தன. சரிவு முழுக்கப் புல் வெட்டிய வாசனை. ரெஜிஸ் ஒரு வரிசையில் பாதிவரை நடந்தான், திரும்பினான், சமையலறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மறுநாளும் உட்கார்ந்திருந்தான். சன்னல் கதவைச் சாத்திக்கொண்டு அதற்கு மறுநாளும்.

"கொடிக்கு மருந்தாவது அடிக்கணும். காயம் ஆற வேணாமா?" என்றாள் ஒடில்.

"எதுக்கு?"

"அடுத்த வருஷத்துக்கு."

"அடுத்த வருஷத்த அப்புறம் பாக்கலாம்."

மருந்தை அவளே அடித்து முடித்தாள். வேறு வேலை இல்லை. அறுவடைக்கு முன் செய்வதற்கு ஆயிரம் இருக்கும் மாதத்தில், அறுவடையே இல்லாத தோட்டத்தில் என்ன செய்வது? சமையலறைக்கும் கொட்டகைக்கும் நூறு முறை நடந்தாள். கடைசியில் சைக்கிளை எடுத்தாள்.

அன்று ஊருக்கு மேலிருந்த ஓநாய்க் கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கியவள் திரும்பவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவோடு திரும்பிவிடலாம் என்றே நினைத்தாள். கால் கேட்கவில்லை. மதியம் தாண்டி லுவார் ஆற்றுப் பாலத்தில் போய் நின்றாள். வீட்டிலிருந்து எண்பது கிலோமீட்டர். பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலை நேராகப் போனது. 'போனால் என்ன?' என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வி அவளைப் பயமுறுத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பையில் பாதி வாழைப்பழம் இருந்தது. அதைத் தின்றுவிட்டுத் திரும்பினாள். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தபோது ரெஜிஸ் அதே நாற்காலியில் இருந்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

மறுநாளும் அதே கணவாய். இந்த முறை அவள் கண் சாலையை விட்டு விலகியது. ஆலங்கட்டி ஒரு பட்டையாக விழுந்திருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு இலைகூடக் கிழியவில்லை. குன்றுக்குக் குன்று கொடிகள் பச்சைப் பசேலென்று, குலைகள் நிறம் மாறத் தொடங்கி, அவளுக்குக் கோபம் வரும் அளவுக்கு நன்றாக இருந்தன. இர்மா சங்குவார் என்ற வயதான விதவையின் வாசலில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினாள்.

"உங்க பக்கம் எல்லாம் போச்சாமே?" என்றாள் இர்மா, குழாயைத் திறந்துகொண்டே.

"போச்சு, மதாம் சங்குவார்."

"உன் புருஷன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்றதில்ல. அதான் பிரச்சினை."

இர்மா பாட்டிலை நிரப்பி மூடினாள். "மேல் துண்டுல இருவது வரிசை இருக்கு. ஏறிப்போய்ப் பறிக்க எனக்கு முழங்கால் இல்ல. நீ எடுத்துக்கோ."

"நான் அதுக்கு வரல."

"தெரியும். தண்ணிக்கு வந்தே. திராட்சையும் எடுத்துட்டுப் போ."

அங்கிருந்து கிளம்பி நான்கு கிலோமீட்டர் போன பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. ஒருத்தி கேட்காமலே கொடுத்தாள் என்றால், கேட்டால்? கேட்பது அவளுக்குப் பழக்கமே இல்லை. முதல் வாசலில் மணியடித்துவிட்டு ஓடிவிடப் பார்த்தாள். இரண்டாவது வாசலில் ஒருவன், "சைக்கிள்ல வந்து பிச்சை கேக்கறது இப்ப புது நாகரிகமா?" என்று கதவைச் சாத்தினான். கோபத்தில் அடுத்த ஏற்றத்தை அவள் அதுவரை ஏறாத வேகத்தில் ஏறி, மூன்றாவது வாசலில் மூச்சு வாங்க நின்றாள். மூச்சு வாங்குகிறவளை விரட்ட மனசு வராமல் அந்த வீட்டுக்காரர் பதினைந்து வரிசை கொடுத்தார்.

இப்படியே மூன்று வாரத்தில் பதினோரு வீடு. பெயரையும் வரிசையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வியர்வையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி முதுகுப்பையில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்து எதிர்க்குழுவில் சைக்கிள் ஓட்டும் லுதொவிக் என்ற தோட்டக்காரன் இலேசில் மசியவில்லை.

"மேல சிலுவை வரைக்கும் பந்தயம். ஜெயிச்சா நாப்பது வரிசை."

"நான் காலையிலேருந்து எழுவது கிலோமீட்டர் மிதிச்சிட்டு வந்திருக்கேன்யா."

"அப்ப தோத்துருவேன்னு சொல்லு."

கடைசித் திருப்பம்வரை அவன் சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு போனாள். அங்கே தொடை இறுகிவிட்டது. பத்து மீட்டரில் தோற்றாள். லுதொவிக் சிலுவையின் படியில் சரிந்து உட்கார்ந்து, பேச்சு வரும்வரை காத்திருந்து சொன்னான்: "ஜெயிச்சிருந்தா நாப்பது. தோத்ததுக்கு முப்பது. ஆனா எங்க குழுவுல வந்து சேந்துரணும்."

"முப்பதே போதும்," என்றாள் ஒடில்.

ரெஜிஸுக்கு விஷயம் எட்டியது ரொட்டிக்கடையில். கையில் ரொட்டியோடு சமையலறை வாசலிலேயே நின்று கத்தினான். வாரக்கணக்கில் கேட்காமல் இருந்த குரல்.

"கடைக்காரி சொல்றா, உங்க வீட்டம்மா நல்லா வீடு வீடாப் போறாங்கன்னு! மூணு தலைமுறையா எங்க குடும்பம் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல. தெரியுமா உனக்கு?"

"நான் உங்க குடும்பத்துல பொறக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"எங்க கேக்கறது? அந்த நாற்காலிகிட்டயா? நீ உக்காந்திருக்கறதப் பாக்க முடியல ரெஜிஸ். இன்னும் ரெண்டு நாள் பாத்தேன்னா நான் திரும்பி வர மாட்டேன்."

அவன் ரொட்டியை மேசைமேல் வைத்தான். அறுவடைவரை இருவரும் அதற்குமேல் பேசிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் குழுவில் ஏழு பேர் பறிக்க வந்தார்கள். எழுபத்து நாலு வயது ஃபெர்னான் இர்மாவின் மேல் துண்டில் கத்தரியோடு குனிந்து, "சைக்கிள்லயும் குனிஞ்சுதான் கெடக்கேன், இங்கயும் குனிஞ்சுதான் கெடக்கேன். நிமிந்தா சவப்பெட்டியிலதான் போல," என்று முனகியது வரிசை முழுக்கக் கேட்டது. ரெஜிஸ் வரவில்லை. மாலையில் வேன் திரும்பி, பெட்டிகளை இறக்கும்போது அவன் கொட்டகை வாசலுக்கு வந்தான். ஒரு குலையிலிருந்து பழத்தைக் கிள்ளி வாயில் போட்டான். விதையைக் கடித்துப் பார்த்துத் துப்பினான்.

"இத இன்னிக்கு வெட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்," என்றாள் ஒடில்.

"இன்னும் நாலு நாள் விட்டிருக்கணும். விதை பச்சையா இருக்கு. மத்த எடத்துலயாவது வெட்டாம இருக்கீங்களா, இல்ல எல்லாத்தையும் பாழடிச்சாச்சா?"

ஃபெர்னான் வாயைத் திறக்கப் போனார். ஒடில் அவர் காலை மிதித்தாள். மறுநாள் விடிந்ததும் ரெஜிஸ் வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தோட்டத்திலும் அவனே இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கதவைத் தட்டி, பழத்தைக் கடித்துப் பார்த்து நாள் குறித்தான். நன்றி சொல்லும்போது முகம் செங்கல்லாகச் சிவந்தது. ஆனாலும் பதினோரு வீட்டிலும் சொன்னான்.

வழக்கத்தில் பாதியளவு ஒயின் கிடைத்தது. பதினோரு சரிவின் சாறு ஒரே தொட்டியில். வசந்தத்தில் அதை ருசித்த ஒரு வியாபாரி, "இதுல எந்த ஊர் மண்ணும் தெரியலையே," என்று உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணு தெரியாது. பதினொண்ணு இருக்கு," என்றான் ரெஜிஸ்.

அந்த ஏப்ரலில்தான் இர்மா வீட்டை விட்டு லியோனில் இருக்கும் மகனிடம் போகிறாள் என்ற செய்தி வந்தது. மேல் துண்டைப் பிடுங்கிப்போட்டுத் தரிசாக்கப் போகிறார்களாம். ஒடில் போய்ப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அத நாம குத்தகைக்கு எடுத்துக்கலாம்."

"இருக்கறதுக்கே ஆள் பத்தல நமக்கு," என்றான் ரெஜிஸ்.

"பத்தலதான்."

"நடுவுல கணவாய் வேற. தினமும் யார் போய் வர்றது?"

ஒடில் மூச்சு வாங்கிக்கொண்டே தொலைபேசியில் இர்மாவின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். ரெஜிஸ் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து, கத்தரிகளையும் கட்டும் கம்பியையும் வேனில் ஏற்றக் கொட்டகைக்குப் போனான்.